தருமமா? பாத்தியதையா?

அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளையைப் பெற்ற தாய் தகப்பன்மார்களைத் தூங்கவிடாமல் செய்யும் கேள்வி ஒன்று உண்டு. அதாவது, "நமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" என்பதேயாகும். பிள்ளைக்கு வயது நாற்பது, பெற்றோருக்கு எழுபது. ஊராரோ, "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கடவுள் பார்த்துக்கொண்ட லட்சணத்தை ஏர்வாடியில் கண்டோம். 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட மனநோயாளிகள் இருந்த கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைவு வேறு என்பது உண்மையே. ஆனால் இருவரையும் ஒன்றாய்ப் பூட்டி வைப்பதில் நமது சமூகம் பேதம் பார்ப்பதில்லை.

இக்குறை பூர்வஜென்ம பாவத்தால் வருகிறது என்கிறார்களே, அதற்கு ருசு என்ன? டவுன் நோய்க்குறியின் காரணம் 21-வது குரோமோசோம் ஒன்று அதிகமாய் இருப்பதுதான் என்று 1959-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். பிரசவத்தில் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு போதாமல் போவதும், கர்ப்பிணிக்கு அயோடின் சத்து குறைவதும் வேறு சில காரணங்கள். இதில் விதிக்கும் வினைக்கும் என்ன வேலை?

பாவக் கதையின் மறுபக்கந்தான் புண்ணியக் கதை. பிறந்தநாளன்று விடுதிக்கு ஒருவேளைச் சோறு போட்டுப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் கேட்கிறோம்: அன்று இரவு அங்கே எத்தனை பேருக்கு ஓர் ஆள் காவல் என்று விசாரித்தீர்களா? கக்கூசுக்குக் கதவு உண்டா என்று பார்த்தீர்களா? நரைத்த தலையுள்ளவர்களையும் "தெய்வக் குழந்தைகள்" என்று கூப்பிடுகிறீர்களே, அவர்களுக்குச் சுயமரியாதை கிடையாதா? என்ன உடுப்பது, எப்பொழுது உறங்குவது, யாரோடு பேசுவது என்பதைக்கூட வார்டன் தீர்மானிக்கும் இடத்திற்கு ஜெயில் என்று பெயரேயன்றி வீடு என்று பெயரல்ல.

"பணமில்லை, என்ன செய்வது?" என்பார்கள். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தருகே விண்டர்போர்ன் வியூ என்னும் தனியார் ஆஸ்பத்திரி, ஓர் ஆளுக்கு வாரம் சராசரி 3,500 பவுன் வாங்கியது. அங்கேயே இவர்களை அடித்தும் மிதித்தும் வதைத்ததை 2011-ல் பி.பி.சி. நிருபர் ஒருவர் வேலைக்காரராய் உள்ளே சென்று படம் பிடித்து வெளியிட்டார். சிப்பந்திகள் 11 பேர் தண்டனை பெற்றனர். அதற்கு முன்பே அங்கு வேலை பார்த்த நர்சு ஒருவர் எழுதிய புகாரை மேற்பார்வை இலாகா கவனிக்கவேயில்லை. ஆகவே பணம் மட்டும் போதாது. வெளியாரின் கண் உள்ளே இருக்கவேண்டும், புகார் சொல்பவரின் பேச்சு காதில் ஏறவேண்டும்.

நம்மிடம் சட்டமில்லை என்றும் சொல்ல முடியாது. பெற்றோர் இறந்த பிறகு இவர்களின் பராமரிப்புக்கு வழி செய்வதும் 1999-ம் வருஷத்திய நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. 2016-ம் வருஷத்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பொறுப்பிலுள்ளவர் தெரிந்தே சோறு தண்ணீர் மறுத்தால் 6 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்கிறது. ஆனால் பேசத் தெரியாதவன் யாரிடம் போய்ப் பிராது கொடுப்பான்?

ஆதலால் நாம் கேட்பது இவைதான். முன்னறிவிப்பில்லாத சோதனை வேண்டும். சோதனை அறிக்கையை ஊரறிய வெளியிட வேண்டும். பெற்றோரும் உற்றாரும் எந்நேரமும் உள்ளே போகும் உரிமை வேண்டும். பராமரிப்போருக்குப் பயிற்சியும் வயிறு நிறையும் சம்பளமும் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே வசிக்கும் ஆளின் விருப்பத்தைக் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். வாயால் சொல்ல முடியாதவன் முகத்தாலும் கையாலும் சொல்வான்.

இவை பிச்சையல்ல, பாத்தியதை. பிச்சை போடுகிறவன் தன் இஷ்டத்திற்கு நிறுத்திவிடலாம். பாத்தியதையை நிறுத்த ஒருவருக்கும் அதிகாரமில்லை. ஆகையால், அடுத்த முறை விடுதிக்குச் சோற்றுப் பானையோடு போகும் தோழர்கள் அதோடு இக்கேள்விகளையும் கொண்டுபோக வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறோம்.