வயிற்றுச் சதையிலிருந்து புது மார்பகம்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் இன்று ஆயிரக்கணக்கான பெண்கள் உழைக்கிறார்கள். பகல் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று மணிக்கணக்காக நிற்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. உயிரைக் காக்க மார்பகத்தை எடுத்து விடுகிறார்கள். பிறகு?

அடிவயிற்றின் தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றைக் கொண்டு புது மார்பகம் அமைக்கலாம். 1982-ம் ஆண்டில் இந்த முறையை உலகுக்குச் சொன்னவர் ஹார்ட்ராம்ப் என்ற அமெரிக்க டாக்டர். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் 2018-ம் ஆண்டில் மார்பகச் சீரமைப்புக்கு இலவசப் பிரிவு தொடங்கப்பட்டது. "ஏழைகளுக்கு அழகு சிகிச்சை எதற்கு?" என்று சிலர் கேட்டார்கள். இழந்த உறுப்பைத் திரும்பப் பெறுவது அழகு ஆசை அல்ல!

ஆபத்து எங்கே?

இடம் மாறிய சதைக்கு ரத்தம் ஓட வேண்டும். சதையைத் தனியே எடுத்து வைத்தால், மெல்லிய ரத்தக் குழாய்களை மைக்ராஸ்கோப் வழியே பார்த்துத் தைக்கிறார்கள். அங்கே ரத்தம் உறைந்தால் சதை செத்து விடும். முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் கண்டம். நர்சுகள் மணிக்கு மணி நிறத்தையும் சூட்டையும் பார்ப்பது இதற்காகத்தான். மாறுதல் தெரிந்தால் உடனே மறு ஆபரேஷன்.

சில மாதம் கழித்து ஒரு கட்டி தட்டுப்படலாம். ரத்தம் போதாமல் கொழுப்பு இறுகியதாக இருக்கலாம். ஆனாலும் டாக்டரிடம் காட்டாமல் இருக்கக் கூடாது.

தசை எடுத்த வயிறு பலவீனப்படும். புடைப்போ குடலிறக்கமோ வரலாம். தசையை விட்டு விட்டுக் கொழுப்பையும் தோலையும் மட்டும் எடுக்கும் புது முறையில் இந்தத் தொல்லை குறைவு. சர்க்கரை நோய், உடல் பருமன், புகைப் பழக்கம் இருந்தால் புண் ஆறத் தாமதமாகும்.

ஓய்வுக்கு யார் சம்பளம்?

ஆபரேஷனுக்குப் பின் பல வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. பெட்டி தூக்கிப் பிழைக்கும் பெண் என்ன செய்வாள்? ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் புற்றுநோய்க்கு நீண்ட கால உதவி உண்டு. சம்பளத்தில் 100-க்கு 80 வீதம், இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். ஆனால் அதற்கு முன் இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். காண்டிராக்டில் சேர்ந்து, சில மாதத்துக்கு ஒரு கம்பெனி மாறும் பெண்ணுக்கு இது எட்டாக்கனி! ஆபரேஷன் இலவசமானாலும் ஓய்வு இலவசமாவதில்லை. சட்டம் இந்த இடைவெளியை அடைக்க வேண்டும்.

அதுவரை தாய்மார்கள் கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். தசையை எடுப்பீர்களா? எத்தனை நாள் பாரம் தூக்கக் கூடாது? சதை கருத்தால் இரவிலும் ஆபரேஷன் செய்ய ஆள் உண்டா? வீட்டில் உள்ள ஆண்களும் பதிலைக் கூட இருந்து கேட்கட்டும். தண்ணீர்க் குடம் யார் தூக்குவது என்பது அப்போதே முடிவாகி விடும்!