உழுகிற மாட்டை ஜப்தி செய்யலாமா?

போன கார்த்திகை தீபத்தன்று, டிசம்பர் 3-ஆம் தேதி, மாலை ஆறு மணி. குடும்பத்தோடு மொட்டை மாடியில் நின்றிருந்தேன். மலை உச்சியில் தீபம் ஏறியதும் ஊரே அரோகரா என்று எழுப்பிய சத்தத்தில், சட்டைப் பையிலிருந்த போன் அடித்தது காதில் விழவில்லை. இரவு சாப்பிட்டு முடித்து எடுத்துப் பார்த்தால் பேங்கிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. மாலை 5.52-க்கு என் கார் பக்கத்து மாநிலத்து டோல்கேட் ஒன்றைக் கடந்ததாம். பாஸ்டேக் கணக்கிலிருந்து 95 ரூபாய் எடுத்துக்கொண்டார்களாம்.

கார் என் வீட்டு வாசலில் நின்றிருந்தது. தீபத்தன்று கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் சைக்கிள்கூட நகராது என்பது நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். முதல் நாளே தெருவின் இரண்டு முனையிலும் போலீஸ் தடுப்பு வைத்துவிட்டார்கள். நானே நினைத்திருந்தாலும் காரை வெளியே எடுத்திருக்க முடியாது.

புகார் செய்தேன். ஒரு எண்ணுக்குப் போட்டால் இன்னொரு எண்ணைச் சொன்னார்கள். அங்கே போட்டால் மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். போட்டோ கேட்டார்கள், ஆர்.சி. நகல் கேட்டார்கள். பொங்கல் கழித்துத்தான் பணம் திரும்பி வந்தது. 95 ரூபாய் பெரிய விஷயமில்லை. அன்றைக்குத் தீபம் என்பதால் எனக்கு ஊரே சாட்சியாக இருந்தது. சாதாரண செவ்வாய்க்கிழமையாக இருந்திருந்தால் என் கார் வீட்டில்தான் நின்றது என்று எப்படி நிரூபித்திருப்பேன்?

பணம் திரும்பி வந்த சமயத்தில்தான் பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்தேன். 2026 ஜனவரியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்திருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் ஒரு வண்டி கடந்ததாக மின்னணுக் கருவி பதிவு செய்து, அதற்கான கட்டணம் வந்து சேரவில்லையென்றால் அது 'செலுத்தப்படாத பயன்பாட்டுக் கட்டணம்'. அந்தப் பாக்கி இருக்கும்வரை வண்டியை வேறு பெயருக்கு மாற்றவோ வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகவோ தடையில்லாச் சான்று கிடைக்காது. தகுதிச் சான்று, அதாவது நம் எஃப்.சி., புதுப்பிக்கப்படாது. லாரிகளுக்கு நேஷனல் பர்மிட்டும் கிடையாது.

"கட்டாதவனைப் பிடிக்கிறார்கள், இதில் என்ன தப்பு?" என்று காலை நடையில் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். டோல்கேட்டில் கட்டாமல் நழுவுகிறவர்கள் இருக்கிறார்கள். தடுப்புக் கட்டையே இல்லாமல், ஓடுகிற வண்டியைக் கேமரா படித்துப் பணம் எடுக்கும் முறையும் வரப்போகிறது. அப்போது யாரையும் நிறுத்திக் கேட்க முடியாது. பாக்கியை வசூலிக்க ஏதாவது வழி வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். வேலூர் சாலையில் இனாம்காரியந்தலில் சாவடி வந்தபோது நம் ஊரில் எழுந்த சலசலப்பு பலருக்கு நினைவிருக்கும். நான் அந்தச் சண்டையை இங்கே கிளப்பவில்லை. டோலே கூடாது என்றும் சொல்லவில்லை.

வருவாய்த் துறையில் 34 வருடம் இருந்தவன் நான். பாக்கி வசூல் என்பது எனக்குச் சோறு போட்ட வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பாக்கி வசூலுக்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் கேட்பு நோட்டீஸ். பாக்கிதாரருக்கு ஆட்சேபணை இருந்தால் சொல்ல அவகாசம். அதற்கப்புறம்தான் ஜப்தி. அந்த ஜப்தியிலும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்துவிட முடியாது.

1908-ஆம் வருட உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 60-ஐ எடுத்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். கடன்பட்டவனிடம் எதையெல்லாம் ஜப்தி செய்யக் கூடாது என்று அதில் ஒரு பட்டியல் இருக்கிறது. சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத நகை, கைத்தொழில் செய்பவனின் கருவி, விவசாயியின் பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவிகள், மாடு, விதைநெல். காரணம் எளிது. ஏர் மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டால் அவன் எதை வைத்து உழுது, எதை வைத்துக் கடனைக் கட்டுவான்?

எங்கள் தெருக் கோடியில் ஒரு தம்பி வேன் ஓட்டுகிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி பெங்களூரிலிருந்து கிரிவலத்துக்கு ஆட்களை அழைத்து வருவான், மற்ற நாட்களில் திருப்பதி சவாரி. வண்டிக்கு எட்டு வயது தாண்டிவிட்டது. எட்டு வருடம்வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இருந்த எஃப்.சி., இனி வருடா வருடம். அவன்தான் இந்த விதியைப் பற்றி என்னிடம் கேட்டான்.

"இன்னா சார் இது, கர்நாடகாவுல எங்கயோ ஒரு கேட்ல பாக்கின்னு காட்டுனா இங்க எஃப்.சி. பண்ண மாட்டாங்களாமே? நான் எந்த கேட்ல போய்க் கேக்கறது?"

"உன் டேக்கில் பணம் வைத்திருக்கிறாய் இல்லையா?"

"வெச்சிக்கினுதான் போறேன் சார். போன மாசம் ஒரு கேட்ல மிஷின் எடுக்கல. அந்தப் பையன் போண்ணா போண்ணான்னு தொறந்து வுட்டுட்டான். அது பாக்கியா, பாக்கியில்லையா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரிந்தது, ஆனால் அந்தப் பதிலில் எனக்கே திருப்தி இல்லை. 2018-இலேயே ஒரு விதி வந்துவிட்டது. டேக் சரியாக இருந்து, அதில் பணமும் இருந்து, சாவடியின் கருவி வேலை செய்யாமல் போனால் வண்டியைக் கட்டணம் இல்லாமல் விட வேண்டும். பூஜ்யத் தொகைக்கு ரசீதும் தர வேண்டும். அந்தப் பூஜ்ய ரசீதை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. பின்னால் நிற்கிற பஸ் ஹாரன் அடிக்கும்போது, இல்லாத கட்டணத்துக்கு ரசீது கொடு என்று எந்த டிரைவர் இறங்கி நிற்பான்? நாளைக்கு அந்தச் சாவடிக் கேமராவில் அவன் நம்பர் இருக்கும், பணம் வந்திருக்காது. அப்போது அது பாக்கியில்லை என்று காட்ட அவன் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இருக்காது.

எஃப்.சி. நின்றால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களுக்காக இதையும் சொல்கிறேன். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, தகுதிச் சான்று இல்லாத வாடகை வண்டி முறையாகப் பதிவு செய்யப்பட்ட வண்டியாகவே கருதப்படாது. ஆக, எஃப்.சி.யை நிறுத்துவதும் பதிவை முடக்குவதும் ஒன்றுதான். பெயர்தான் வேறு.

அப்படி நேரடியாகப் பதிவை முடக்க அதே சட்டத்தில் 53-ஆம் பிரிவு இருக்கிறது. ரோட்டில் போனால் பொதுமக்களுக்கு ஆபத்து என்கிற நிலையில் ஒரு வண்டி இருக்கிறது என்று வையுங்கள். பிரேக் இல்லை, சேசிஸ் விரிசல். அந்த வண்டியின் பதிவை நிறுத்துவதற்குக்கூட, ஆர்.சி.யில் உள்ள முகவரிக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். உரிமையாளர் சொல்வதைக் கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய 57-ஆம் பிரிவு வழி தருகிறது.

ஆளைக் கொல்லக்கூடிய வண்டிக்கு இத்தனை மரியாதை. 95 ரூபாய் டோலுக்கு என்ன? கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரி. யாரும் கையெழுத்துப் போடவில்லை. அலுவலகத்து ஊழியரைக் கேட்டால், "எனக்கு ஒன்றும் தெரியாது சார், சிஸ்டம் விடமாட்டேன் என்கிறது" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் சிஸ்டத்தின்மேல் மேல்முறையீடு செய்ய முடியாதே! முன்வாசல் வழியாகப் போனால் நோட்டீஸ், விசாரணை, காரணம் எல்லாம் வேண்டும் என்பதால் பின்வாசல் வழியாகப் போகிறார்கள் என்பது என் குற்றச்சாட்டு.

எதிர்த் தரப்பை நம் நாடு எப்படி நடத்துகிறது என்றும் பாருங்கள். கேரளத்தில் திருச்சூர் பக்கம் பாலியேக்கரை டோல்கேட். சாலைப் பணிகளால் அந்த நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் நெரிசல். அங்கே வசூலை நிறுத்த ஜனங்கள் உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்ட் 6-ஆம் தேதி நான்கு வாரத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். உடனே உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல். அங்கேயும் வாதம் கேட்டு, ஆகஸ்ட் 19-ஆம் தேதிதான் அந்த உத்தரவில் தலையிட முடியாது என்று சொன்னார்கள். சாலை கெட்டுப்போனதற்காக வசூலை நிறுத்த இரண்டு கோர்ட்டு, வக்கீல்கள், வாதப் பிரதிவாதம். அது சரியான முறைதான். அதில் பத்தில் ஒரு பங்கு எங்கள் தெரு வேன்காரத் தம்பிக்கும் கிடைக்க வேண்டாமா?

"அமெரிக்காவிலேயே டோல் கட்டாவிட்டால் பதிவை முடக்குகிறார்கள்" என்பார்கள். உண்மை. மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர், மேய்ன் என்று சில மாநிலங்கள் ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் போட்டு, அடுத்த மாநிலத்து டோல் பாக்கிக்கும் நடவடிக்கை எடுக்கின்றன. ஆனால் அங்கே பென்சில்வேனியாவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். நான்கு பாக்கி, அல்லது 250 டாலர். அதைத் தாண்டினால்தான் பதிவில் கை வைப்பார்கள். வேண்டுமென்றே ஏமாற்றுகிறவனையும், ஒருமுறை தவறிப்போனவனையும் அந்த வரம்பு பிரித்துவிடுகிறது. நம் விதியின் விளக்கத்தில் 95 ரூபாயும் பாக்கிதான், 95,000 ரூபாயும் பாக்கிதான்.

குறை சொன்னால் மட்டும் போதாது, என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும்.

வண்டியை விற்கும்போது பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போ என்று தடையில்லாச் சான்றை நிறுத்துவதை நான் எதிர்க்கவில்லை. நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்ப்பதைப் போன்றது அது. வாங்குகிறவனுக்குப் பாதுகாப்பு. ஆனால் எஃப்.சி.யை இதிலிருந்து எடுத்துவிடுங்கள். எஃப்.சி. என்பது பிரேக், விளக்கு, ஸ்டியரிங், டயர் பார்ப்பதற்கு. நல்ல பிரேக் உள்ள வண்டியை டோல் பாக்கிக்காக நிறுத்தினால், அந்தச் சான்றுக்கு என்ன அர்த்தம்?

பாக்கி என்று சொல்கிறவர் போட்டோ, தேதி, நேரம், சாவடி, லேன் எல்லாவற்றோடும் ஆர்.சி. முகவரிக்குத் தமிழில் ஒரு கடிதம் அனுப்பட்டும். செல்போன் குறுஞ்செய்தி மட்டும் போதாது. நம் வயதுக்காரர்களில் எத்தனை பேர் ஆர்.சி.யில் கொடுத்த நம்பரை இன்னும் வைத்திருக்கிறோம்? பதில் சொல்ல 30 நாள் கொடுக்கட்டும். டிஎன் 25 வண்டிக்காரன் ஆட்சேபணை சொல்ல வேறு மாநிலத்துக்குப் போகக் கூடாது. திருவண்ணாமலையிலேயே ஒரு அதிகாரி மனுவை வாங்கி, பேர் போட்டு, கையெழுத்துப் போட்டு உத்தரவு தரட்டும். பாக்கி பொய் என்று தெரிந்தால், அதைப் பதிவு செய்தவர் வண்டிக்காரனுக்கு நஷ்ட ஈடு கொடுக்கட்டும். கட்டாதவனுக்கு அபராதம் உண்டென்றால், தப்பாகக் கேட்டவனுக்கும் இருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு கட்டாதவனை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், நான் குறுக்கே வரமாட்டேன்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஜப்திக்குப் போகும்போது, எங்கள் வருவாய் ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்குள் நுழையும் முன் ஒன்று கேட்பார்: "நோட்டீஸ் சார்வு ஆயிருக்காப்பா?" ஆகவில்லை என்றால் எவ்வளவு பெரிய பாக்கியாக இருந்தாலும் அப்படியே திரும்பி நடப்பார். நான்கு மைல் வெயிலில் சைக்கிள் மிதித்து வந்ததைப் பற்றி யோசிக்க மாட்டார். கம்ப்யூட்டருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

வேன்காரத் தம்பிக்கு எஃப்.சி. தேதி நெருங்குகிறது. அவனுக்காக ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். வாசகர்களில் யாருக்காவது இதே கவலை இருந்தால் வீட்டுக்கு வாருங்கள், ஒரு நகல் தருகிறேன். காலை ஒன்பது மணிக்கு மேல் இருப்பேன்.