கணினி விளையாட்டில் நாட்கூலி தேவைதானா?



அண்மையில் எங்கள் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு நாள் நடைபெற்றது. ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவனின் தாயார் தேர்ச்சி அறிக்கையைக்கூடப் பார்க்காமல் என்னிடம் இப்படிக் கேட்டார்: “டீச்சர், என் மகன் ஏதோ ஒரு கேம்ல தினமும் இரும்பு அடிக்கிறான், துணி தைக்கிறான், சமைக்கிறான். வீட்டுல ஒரு தட்டுகூடக் கழுவ மாட்டேங்கிறான். கேட்டா, ‘தினமும் செஞ்சாத்தான் பரிசு கிடைக்கும்’னு சொல்றான். அதனால ஏதாவது நன்மை இருக்கா?”

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பின்னால் ஐந்து பெற்றோர் காத்திருந்ததால் முறையாக விடை சொல்லவும் இயலவில்லை. இக்கேள்விக்கு என் வீட்டிலேயே ஓராண்டுக் காலம் விடை தேடியவள் நான். எனவே இங்கு எழுதுகிறேன்.

2023ஆம் ஆண்டு என் மகன் நான்காம் படிவத்தில் பயின்றான். அப்போது அவன் விளையாடியது ‘தி எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன்’. 2014இல் வெளிவந்த இணைய விளையாட்டு. ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, மலையும் காடும் நகரமும் நிறைந்த கற்பனை உலகில் ஆயிரக்கணக்கானவர்களோடு உலவலாம். (அமெரிக்கத் தரப்படுத்தலில் இது 17 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு உரியது என்பதை நான் மிகவும் பிந்தியே அறிந்தேன். அது என் கவனக்குறைவு, மறைப்பதற்கில்லை.)

அவ்வுலகில் சண்டை மட்டுமன்று, தொழில்களும் உண்டு. கொல்லுத் தொழில், ஆடை தைத்தல், மரவேலை, மருந்து வடித்தல், மந்திரக் கற்கள் செய்தல், சமையல் என ஆறு தொழில்கள் தொடக்கத்தில் இருந்தன. 2018இல் நகைத் தொழிலும் சேர்ந்து ஏழாயிற்று. நகரின் நடுவே அறிவிப்புப் பலகைகள் உள்ளன. அவற்றில் நாள்தோறும் ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பணி ஆணை கிடைக்கும். ‘இன்று ஒரு வாள், ஒரு கவசம், ஒரு தலைக்காப்பு செய்து கொடு’ என்பது போன்ற ஆணை. செய்து, உரிய இடத்தில் ஒப்படைத்தால் கூலி. மறுநாள் குறித்த நேரத்தில் மீண்டும் ஆணை வரும்.

கூலி இரு வகைப்படும். முதலாவது பொற்காசு, முழு நிலையை எட்டிய பாத்திரத்திற்கு ஓர் ஆணைக்கு அறுநூற்றுச் சொச்சம். இரண்டாவது ஒரு பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பது திறந்தால்தான் தெரியும். பெரும்பாலும் இரும்பு, துணி, மரம் என்று சாதாரணப் பொருள்களே இருக்கும். சில வேளை, மூலப்பொருள் குவிந்து கிடக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் இருக்கும். எப்போதாவது ஒருமுறை, ஆயுதத்தை உச்சத் தரத்திற்கு உயர்த்தும் அரிய பொருள் ஒன்று கிடைக்கும். 2017க்குப் பிறகு, கைதேர்ந்தவர்களுக்கான சிறப்புப் பணி ஆணையும் அப்பெட்டியிலிருந்து வரத் தொடங்கியது. எத்தனை நுணுக்கங்களைக் கற்று வைத்திருக்கிறோமோ அதற்கேற்ப அதற்கான வாய்ப்பும் கூடும்.

இதில் நன்மை இல்லையா? இருக்கிறது. முதல் இரண்டு மூன்று மாதங்கள் நானே வியந்தேன். பணி ஆணைகளைச் செய்யச் செய்யத் தொழில்திறன் உயர்கிறது. எந்தப் பொருளை விற்பது, எதைச் சேமிப்பது என்று அவன் எண்ணத் தொடங்கினான். அவ்விளையாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரே சந்தை கிடையாது. குழுக்கள் தனித்தனியே கடை வைத்திருக்கும். ஒரே பொருள் ஒரு நகரில் ஒரு விலை, மற்றொரு நகரில் வேறு விலை. என் மகன் எக்செலில் விலைப்பட்டியல் போட்டான். கணிதப் பயிற்சி நூலைத் திறக்கவே சோம்பல்படும் பிள்ளை, விழுக்காட்டு இலாபத்தை மனக்கணக்காகச் சொன்னான். இதற்குமேல் ஓர் ஆசிரியைக்கு என்ன வேண்டும் என்று எண்ணி நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

அதற்குப் பின்புதான் பெருக்கல் தொடங்கியது.

பணி ஆணை ஒரு பாத்திரத்திற்கு ஒரு நாளைக்கு ஒருமுறைதான். ஆனால், ஒருவரே பல பாத்திரங்களை வைத்துக்கொள்ளலாம். கூடுதல் பாத்திரங்களுக்கான இடத்தைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, அவனிடம் பன்னிரண்டு பாத்திரங்கள் சேர்ந்துவிட்டன. பன்னிரண்டு பேரும் நாள்தோறும் ஏழு வேலை செய்ய வேண்டும். இதற்கென்றே விளையாட்டாளர் ஒருவர் எழுதிய துணைநிரல் ஒன்று உண்டு. பட்டறை முன் போய் நின்றால் போதும், தேவையான பொருள்களை அதுவே செய்துவிடும். அதன் பெயரிலேயே ‘சோம்பேறி’ என்ற பொருள் தரும் சொல் இருக்கிறது! ஆக, இரும்படிப்பவன் என் மகன் அல்லன். அவன் ஆணையை எடுக்கிறான், பட்டறையைத் தொடுகிறான், ஒப்படைக்கிறான், வெளியேறி அடுத்தவனாக உள்ளே வருகிறான்.

ஒருநாள் கடிகாரத்தோடு அருகில் உட்கார்ந்தேன். ஒரு பாத்திரத்திற்கு ஆறு நிமிடம். பன்னிரண்டுக்கு எழுபத்திரண்டு நிமிடம். ஒரு மாதத்திற்கு 36 மணி நேரம். நம் தமிழ்ப்பள்ளிக் கணக்கில் அரை மணி நேரப் பாடவேளைகள் 72. வருமானமோ ஒரு நாளைக்கு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட பொற்காசு. அவனுடைய சேமிப்பில் ஏற்கெனவே நான்கு மில்லியன் இருந்தது. “இதை வைத்து என்ன வாங்கப் போகிறாய்?” என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தான். “ஏதாச்சும் தேவைப்பட்டா வாங்கலாம்மா” என்றான்.

சேர்ந்த பொருள்களை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். பை நிறைந்துவிடும், பெட்டகமும் நிறைந்துவிடும். அந்நாளில் மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் மூலப்பொருள்களை அளவின்றிப் போட்டு வைக்கும் பை ஒன்று கிடைத்தது. தீபாவளிக்குக் கிடைத்த அன்பளிப்புப் பணம் அப்படித்தான் கரைந்தது. இலவசமாக வரும் கூலியைச் சேர்த்து வைக்கக் காசு கொடுத்து இடம் வாங்குகிறோம். இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. வணிகம் வணிகமாகத்தான் இருக்கும். பெற்றோர் கணக்குப் பார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே குறிப்பிடுகிறேன்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டில் பணி ஆணையை ஒருநாள் விட்டுவிட்டால் தண்டனை ஏதுமில்லை. மறுநாள் வழக்கம்போல் தொடரலாம். வேறு பல விளையாட்டுகளில் தொடர்ச்சி அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால், தண்டனை இல்லாவிட்டாலும் மனம் விடுவதில்லை. ‘வோர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் 2007இல் அன்றாடப் பணிகள் வந்தபோது ஒரு நாளைக்குப் பத்து என்று எல்லை வைத்தார்கள். 2008இல் அதை இருபத்தைந்தாக உயர்த்தினார்கள். 2012இல் எல்லையையே எடுத்துவிட்டார்கள். விளையாட்டாளர்கள் மகிழ்ந்திருக்க வேண்டுமல்லவா? செய்யாவிட்டால் பின்தங்கிவிடுவோம், இது கட்டாய வேலையாகிவிட்டது என்று பலர் முறையிட்டார்கள். எல்லை இருந்தபோது ‘இன்றைக்கு இவ்வளவுதான்’ என்று எழுந்திருக்க ஒரு காரணமாவது இருந்தது.

பெட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் (அப்போது கல்லூரி, இப்போது கழகம்) உளவியல் பாடத்தில் ஸ்கின்னரின் புறாக்களைப் பற்றிப் படித்தது ஆசிரியர்களுக்கு நினைவிருக்கும். பெர்ஸ்டருடன் இணைந்து 1957இல் அவர் வெளியிட்ட ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியது இதுதான்: ஒவ்வொரு முறையும் தவறாமல் தீனி கிடைக்கும் புறாவைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத புறாவே ஓயாமல் கொத்திக்கொண்டிருக்கும். தேர்வுக்காக மனனம் செய்தேன். மகனின் தோளுக்குப் பின்னால் நின்று, பன்னிரண்டாவது பாத்திரத்தின் ஏழாவது பெட்டி திறப்பதைப் பார்த்தபோதுதான் விளங்கியது. உள்ளே இரும்புதான் இருந்தது. “நாளைக்கு வரும்மா” என்றான்.

சினம் வந்தது உண்மை. ஆனால், அந்தச் சினத்தோடு மறுநாள் வகுப்புக்குச் சென்றபோது என் கண்ணில் பட்டது, நானே வாசிப்பு மூலையில் ஒட்டி வைத்திருந்த நட்சத்திர அட்டை. நிலாம் வாசிப்புப் பதிவுக்கு ஊக்கமூட்ட, ஒரு நூலுக்கு ஒரு நட்சத்திரம் என்று நானே வகுத்த திட்டம். பத்து நட்சத்திரத்திற்கு ஓர் அழிப்பான், இருபதுக்கு ஒரு பென்சில் பெட்டி. அட்டை மின்னியது. தலைமையாசிரியரும் பாராட்டினார். அன்று என்னவோ தோன்ற, அதிக நட்சத்திரம் பெற்றிருந்த மாணவியை அழைத்து, அவள் பதிவு செய்திருந்த கதை ஒன்றைச் சொல்லச் சொன்னேன். விழித்தாள். நூலின் பின்னட்டைக் குறிப்பைத்தான் அவள் படியெடுத்திருக்கிறாள். எல்லாவற்றிலும் மெலிந்த நூல்களையே தேடி எடுத்திருக்கிறாள். அந்தக் குழந்தையை எப்படிக் கடிவது? நான் ஆணை கொடுத்தேன், அவள் ஒப்படைத்தாள், கூலி வாங்கினாள்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவரும் மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. இயல்பாகவே வண்ணப் பேனாவால் வரைய விரும்பும் குழந்தைகள் அவர்கள். ஒரு பிரிவினரிடம் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி, அவ்வாறே கொடுத்தார்கள். மற்றொரு பிரிவினருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைந்தார்கள். விருப்பத்தைக் கூலி தின்றுவிட்டது.

என் மகனுக்கும் அதுதான் நேர்ந்திருந்தது. அந்த விளையாட்டைத் தொடங்கிய புதிதில், சாப்பிடும்போதெல்லாம் கதை சொல்வான். பனிமலையில் ஒரு பழங்கோயிலைக் கண்டேன், பேசும் பூனை மனிதன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று சொல்லிக்கொண்டே இருப்பான். பன்னிரண்டு பாத்திரம் ஆன பிறகு கதை நின்றுவிட்டது. “புது இடம் போகலையா?” என்றால், “வேலை முடியட்டும்மா, அப்புறம் விளையாடுறேன்” என்பான். வேலை முடியும்போது உறங்கும் நேரம் வந்துவிடும். பெற்றோர்களே, பிள்ளை விளையாட்டில் நேரம் செலவழிக்கிறான் என்று நாம் வருந்துகிறோம். அவன் விளையாடவே இல்லை என்பது எனக்கு அதைவிடப் பெரிய வருத்தமாக இருந்தது.

2023 தீபாவளிக்குச் சுங்கை சிப்புட்டில் என் அம்மா வீட்டுக்குச் சென்றோம். மடிக்கணினியும் உடன் வந்தது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, பலகாரத் தட்டோடு எல்லாரும் கூடத்தில் அமர்ந்திருக்க, இவன் மூலையில் ஆணை எடுத்துக்கொண்டிருந்தான். என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலையில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, இருட்டில் நிரைக்குப் போன தலைமுறை. மழை பெய்து மரம் நனைந்துவிட்டால் அன்று வெட்டில்லை, கூலியும் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேரனின் பக்கத்தில் அமர்ந்து, என்ன செய்கிறாய் என்று பொறுமையாகக் கேட்டார். அவனும் பொறுமையாக விளக்கினான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா சொன்னார்:

“பன்னெண்டு ஆளுக்கு நீ ஒருத்தனே பெரட்டுக்குப் போறியாடா? நாங்களாவது பெருநாளுக்கு லீவு எடுப்போமே!”

நான் ஓராண்டாகச் சொல்லியும் ஏறாதது அவனுக்கு அன்று ஏறியிருக்க வேண்டும். உடனே மூடிவிட்டான் என்று சொன்னால் பொய். மீதமிருந்த நால்வரையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தான். ஆனால், கோலாலம்பூர் திரும்பும் வழியில் காரில் அவனே பேச்சை எடுத்தான். எந்தப் பொருள் உண்மையிலேயே வேண்டும், அதற்கு எத்தனை பேர் உழைத்தால் போதும் என்று இருவரும் கணக்குப் போட்டோம். இரண்டு பேர் போதும் என்று வந்தது.

அந்தத் தாயாருக்கு என் விடை இதுதான். தொழிலைக் கற்கும் காலத்தில், ஒரு பாத்திரத்தோடு, குறிப்பிட்ட ஒரு பொருளைச் செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்தால் அந்த நாட்கூலிக்குப் பெறுமதி உண்டு. பெருக்கல் வாய்பாட்டை நாள்தோறும் ஒப்புவிக்கச் சொல்வதைப் போன்றதுதான் அதுவும். கற்றுத் தேர்ந்த பிறகு அதையே பன்னிரண்டு மடங்காக்குவதில் ஒன்றுமில்லை; உச்சநிலையை எட்டிவிட்டவனுக்கு அந்தப் பணி ஆணை புதிதாக எதையும் சொல்லித் தராது. உங்கள் மகனிடம் ‘எவ்வளவு நேரம் விளையாடினாய்?’ என்று கேட்பதற்கு முன், ‘இன்று அங்கே என்ன பார்த்தாய்?’ என்று கேளுங்கள். சொல்வதற்கு அவனிடம் கதை இருந்தால் கவலையைக் குறைத்துக்கொள்ளலாம். எத்தனை காசு, எத்தனை பெட்டி என்று மட்டும் சொன்னால் அவனோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். மோடத்தைப் பிடுங்கி எறிய வேண்டா. நான் ஒருமுறை செய்து பார்த்தேன். அண்டை வீட்டு இணையத்தில் பணி தொடர்ந்தது.

நட்சத்திர அட்டையை 2024 தொடக்கத்தில் எடுத்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், நூல் எண்ணிக்கை சரிந்தது. “நட்சத்திரம் இல்லன்னா எதுக்கு டீச்சர் படிக்கணும்?” என்று ஒரு மாணவன் நேராகவே கேட்டான். எனக்கு உடனே விடை வரவில்லை. இப்போது வாரத்தில் இரண்டு நாள், பாடம் முடிந்த கடைசிப் பத்து நிமிடம், நானே ஒரு கதையை வாசித்துப் பாதியில் நிறுத்திவிடுகிறேன். சிலர் நூலகத்தில் அந்நூலைத் தேடிப் போகிறார்கள். பலர் போவதில்லை. அட்டையைத் திரும்ப ஒட்டலாமா என்று சில நாள் கை அரிக்கத்தான் செய்கிறது.

மகன் இப்போது ஆறாம் படிவத்தில் இருக்கிறான். வார இறுதியில் விளையாடுகிறான். சென்ற மாதம் பாட்டி தொலைபேசியில் அழைத்தபோது ஒலிபெருக்கியில் போட்டிருந்தான்.

“என்னடா, பெரட்டுல இன்னும் பன்னெண்டு பேரா?”

“ரெண்டு பேருதான் பாட்டி.”

“மத்தவங்க பேர வெட்டிட்டியா?”

“இல்ல பாட்டி, லீவு குடுத்திருக்கேன்.”