வர்க்கலா ஹாஸ்டல்ல பெட் போடுறவங்களுக்கு (த்ரெட்)

தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆலைகளுக்கு லீவு. சூலக்கரை, சிவகாசிப் பசங்க கொல்லம் ரயில் ஏறி வர்க்கலா கிளம்புறீங்க. கடலோர ஹாஸ்டல்ல டார்மிட்டரி பெட் சல்லிசு. தாராளமா போங்க. ஆனா வைஃபை இருக்கான்னு கேக்குறதுக்கு முன்னாடி, லைஃப்கார்டு எங்க நிப்பார், எத்தனை மணி வரைக்கும்னு கேளுங்க.

"நீச்சல் தெரியும் டாக்டர்"னு சொல்வீங்க. நாம கத்துக்கிட்டது கிணத்துலயும் கண்மாய்லயும். அங்க தண்ணி ஆளை இழுக்காது.

கடல்ல ரெண்டு பக்கமும் அலை உடையும். நடுவுல மட்டும் ஒரு சந்து அமைதியா இருக்கும். குளிக்க வசதின்னு அங்கதான் இறங்குவோம். பெரும்பாலும் அதுதான் இழுப்பு நீரோட்டம், கரைக்கு வந்த தண்ணி திரும்பிப் போற பாதை. வேகமா ஓடுறப்ப ஒலிம்பிக் வீரராலயும் அதை எதிர்த்து நீந்த முடியாது.

அது ஆளை அடியில அமுக்காது, கடலுக்குள்ள கொண்டு போகும். கரையப் பாத்து நீந்திக் களைச்சுதான் முழுகுறாங்க. மிதந்துக்கிட்டே கையத் தூக்குங்க. தெம்பிருந்தா கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்துங்க. இழுப்பு விட்டதும் திரும்புங்க.

நண்பனைக் காப்பாத்தப் பின்னாடியே குதிக்காதீங்க. ஒண்ணு ரெண்டாகுறது அப்படித்தான். காலி கேன், மிதக்குற எதுவானாலும் வீசுங்க, லைஃப்கார்டைக் கூப்பிடுங்க. (சரக்கடிச்சுட்டு இறங்குறவங்களுக்குத் தனி த்ரெட், அதுல திட்டு மட்டும்தான்.)

'செருப்பை வெளியே விடவும்'னு போர்டு வைக்கிற ஹாஸ்டல்காரங்க, எங்க குளிக்கக் கூடாதுன்னும் அதுலயே எழுதலாமே? நமக்காக, தமிழ்லயும்.