மின்சாரம் செல்லும் வட்டம்



பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘மின்னோட்டவியல்’ என்றொரு பாடம் உண்டு. அதிலுள்ள வாய்பாடுகளை நம் பிள்ளைகள் பிழையின்றி ஒப்புவிக்கின்றனர். ஆயினும், ‘மின்கம்பியில் அமரும் காகத்திற்கு ஒன்றும் நேர்வதில்லை, அதே கம்பியைத் தரையில் நின்று தொடும் மனிதன் மட்டும் ஏன் மடிகிறான்?’ என்று கேட்டால் பலர் விழிக்கின்றனர். இவ்வினாவுக்கு விடை தெரிந்தால் பாடமும் விளங்கும், உயிரும் காக்கப்படும். ஆகவே இத்திங்கள் அதனையே சிந்திப்போம்.

கோம்பையில் வாழும் நமக்கு மின்சாரத்தின் பிறப்பிடம் தொலைவில் இல்லை. கூடலூரைக் கடந்து குமுளி மலையின் அடிவாரத்தை அடைந்தால் லோயர்கேம்ப் மின்நிலையத்தைக் காணலாம். பென்னிகுயிக் கட்டி, 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தமிழகப் பக்கம் வந்து, நான்கு பெருங்குழாய்களில் இறங்கி, அங்குள்ள இயந்திரங்களைச் சுழற்றுகிறது. முதல் இயந்திரம் 1958இல் இயங்கத் தொடங்கிற்று. நான்காவது 1965இல் சேர்ந்தது. ஒவ்வொன்றும் 35 மெகாவாட்டாக, அந்நாளில் மொத்தத் திறன் 140 மெகாவாட்.

அக்குழாய்களை மனத்திற்கொண்டால் மூன்று சொற்கள் எளிதில் விளங்கும். நீரைத் தள்ளுவது உயரம். மின்சாரத்தைத் தள்ளுவது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். ஒரு நொடியில் பாயும் நீரின் அளவைப் போன்றது மின்னோட்டம், அலகு ஆம்பியர். குழாயின் ஒடுக்கம் நீரைத் தடுப்பதைப் போல மின்சாரத்தைத் தடுப்பது மின்தடை, அலகு ஓம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இவ்விதியை 1827இல் நூலாக வெளியிட்டவர் ஜெர்மானியரான ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்து பள்ளி ஆசிரியராகப் பணியாற்றியவர் அவர்.

இனி, நீருக்கும் மின்சாரத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். சக்கரத்தைச் சுழற்றிய நீர் வயலுக்குப் போய்விடலாம். திரும்பி வரவேண்டிய கட்டாயம் அதற்கில்லை. மின்சாரமோ புறப்பட்ட இடத்திற்கே திரும்பியாக வேண்டும். திரும்பும் வழி இல்லையேல் அது புறப்படுவதே இல்லை. டார்ச் விளக்கின் மின்கலத்தில் ஒரு முனையிலிருந்து மட்டும் கம்பியை இழுத்துப் பல்பில் தொட்டால் ஒளி வராது. மறுமுனைக்கும் கம்பி போடுங்கள். வட்டம் முழுமையாகும், பல்பு எரியும். இம்முழுமையான வழியே மின்சுற்று. சுவிட்சு என்பது வட்டத்தைத் திறந்து மூடும் கதவு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறிக்கொண்டிருப்பது. வட்டம் என்னும் விதி அதற்கும் பொருந்தும்.

காகத்தின் இரு கால்களும் ஒரே கம்பியில் உள்ளன. அவற்றிடையே மின்னழுத்த வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆகவே அதன் உடல் வழியே மின்சாரம் பாய்வதில்லை. மனிதன் நிற்பதோ தரையில். தெருவிலுள்ள டிரான்ஸ்பார்மரின் நியூட்ரல் கம்பி மண்ணில் பதிக்கப்பட்டுள்ளது. எனவே ‘பேஸ்’ கம்பியைத் தொட்டவனின் கை, மார்பு, கால், மண் ஆகிய யாவும் சேர்ந்து ஒரு வட்டமாகிவிடுகின்றன. அவனே மின்சுற்றின் ஒரு பகுதியாகிவிடுகிறான்.

ஒரு கணக்குப் போடுங்கள். வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். நனைந்த உடலின் மின்தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்க. வகுத்தால் 0.23 ஆம்பியர். பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய எடுத்துக்கொள்வதும் ஏறத்தாழ அவ்வளவே. ஆனால் அதனினும் குறைந்த மின்னோட்டமே இதயத் துடிப்பைக் குலைத்துவிடப் போதுமானது. ‘ஒரு பல்பு கரண்ட் என்ன செய்துவிடும்?’ என்று இனி எவரும் கேட்க வேண்டாம்.

மூன்று துளைப் பிளக்கில் மேலேயுள்ள பெரிய துளை எதற்கென்று இப்போது புரியும். இஸ்திரிப் பெட்டியிலோ கிரைண்டரிலோ பேஸ் கம்பி உராய்ந்து உலோக உடலைத் தொட்டுவிட்டால், எர்த் கம்பி அம்மின்சாரத்திற்கு நம் உடலைவிட எளிய வழியைத் தருகிறது. பெரும் மின்னோட்டம் பாய்ந்து பியூஸ் உருகும், வட்டம் அறும். பியூஸ் கட்டையில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுகிறவர் இக்காவலைத் தம் கையாலேயே அகற்றுகிறார். மின்கசிவு 30 மில்லிஆம்பியரை எட்டுமுன்னோ எட்டியவுடனோ இணைப்பைத் துண்டிக்கும் கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றை வாங்கிப் பொருத்துவது வீண்செலவன்று.

பங்கு மக்களின் இல்லங்களைச் சந்திக்கையில் அடிக்கடி காண்பது ஒன்றுண்டு: துணி உலர்த்தும் இரும்புக் கம்பியின் ஒரு முனை, மின்இணைப்பு வரும் குழாயிலேயே கட்டப்பட்டிருக்கும். மழை நாளில் அக்கம்பி கூற்றுவனாகலாம். அதனை அவிழ்த்து, நைலான் கயிற்றை வேறிடத்தில் கட்டுங்கள். மலையடிவாரத் தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கென வேலியில் மின்சாரம் பாய்ச்சுவோரும் உளர். அது சட்டப்படி குற்றம். இருளில் வரும் பன்றியையும் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளையையும் அக்கம்பி பிரித்தறியாது.

எவரேனும் மின்சாரத்தில் சிக்கினால் அவரைக் கையால் இழுக்காதீர்கள். இழுப்பவரும் வட்டத்தில் சேர்ந்துவிடுவார். முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். இயலாதபோது, வீட்டு மின்சாரமாயின், உலர்ந்த பலகைமேல் நின்று உலர்ந்த மரக்கட்டையால் அவரை விலக்குங்கள். தெருவில் கம்பி அறுந்து கிடந்தால் அருகே செல்லாது மின்வாரியத்திற்குத் தெரிவியுங்கள்.

மாணவச் செல்வங்களே, ஒரு 1.5 வோல்ட் மின்கலம், டார்ச் பல்பு, இரு துண்டுக் கம்பி ஆகியவற்றைக்கொண்டு வட்டம் அமைத்துப் பாருங்கள். இடையில் நாணயம், பென்சில் முனை, நூல், இரப்பர் என ஒவ்வொன்றாக வைத்து, எது மின்சாரத்தைக் கடத்துகிறது, எது மறுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரிலுள்ள பிளக்கில் மட்டும் எச்சோதனையும் வேண்டாம். பெற்றோர்களே, இவ்வாரமே உங்கள் வீட்டின் எர்த் இணைப்பை மின்பணியாளரைக் கொண்டு சோதித்துவிடுங்கள். பிள்ளைகளையும் அருகில் நிறுத்திக் காட்டுங்கள்.