எரிமலைக் களிமண் என்றால் கசிவு நிற்குமா?

'எங்களுடையது செம்மண் பூமி. பண்ணைக்குட்டையில் மழைத்தண்ணீர் பத்து நாள்கூட நிற்பதில்லை. கசிவை அடைக்க பென்டோனைட் போடச் சொல்கிறார் கடைக்காரர். "எரிமலைச் சாம்பலில் உண்டான களிமண், ஐசோடோப் சோதனையில் நிரூபித்தது" என்று மூட்டைக்குக் கூடுதல் விலை கேட்கிறார். நம்பி வாங்கலாமா?'
- வாசகி, புதுக்கோட்டை மாவட்டம்.

அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது அம்மா. ஆனால், அந்தப் பாதிக்கும் உங்கள் குட்டைக்கும் சம்பந்தம் இல்லை.

எரிமலைச் சாம்பல் கண்ணாடித்தூள் மாதிரி இருக்கும். அது பல காலம் தண்ணீரில் ஊறி மக்கினால் பென்டோனைட் களிமண்ணாகும். எந்தத் தண்ணீர், எவ்வளவு சூட்டில் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் ஐசோடோப் சோதனை. தண்ணீரில் உள்ள ஆக்சிஜன் எல்லாம் ஒரே எடை இல்லை. ஆயிரம் அணுக்களில் சுமார் இரண்டு கொஞ்சம் கனமானவை. கதிர்வீச்சு எதுவும் கிடையாது, பயப்பட வேண்டாம். கடல்நீரைவிட மழைநீரில் இந்தக் கனமான அணுக்கள் குறைவு. களிமண் உருவாகும்போது தண்ணீரின் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. சூடு குறைவாக இருந்தால் கனமானதைக் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும். சூடு ஏறினால் அந்தப் பாகுபாடு குறைந்துவிடும். ஆக்சிஜனை மட்டும் பார்த்தால் 'குளிர்ந்த மழைநீரா, சூடான கடல்நீரா' என்று குழப்பம் வரும். அதனால் ஹைட்ரஜனையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அதற்கு முன் களிமண்ணின் அடுக்குகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் ஈரத்தைச் சுத்தமாக வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் சோதனைக்கூடத்துக் காற்றின் ஈரத்தைத்தான் அளந்துகொண்டிருப்பார்கள்!

ஸ்பெயினின் தென்கிழக்குக் கடலோரத்தில் காபோ தே காட்டா என்ற பழைய எரிமலைப் பகுதி இருக்கிறது. அங்குள்ள பென்டோனைட், பூமிக்கு அடியிலிருந்து வந்த கொதிநீரால் உண்டானது என்று ஒரு கருத்து இருந்தது. ஐசோடோப் கணக்கோ, கொதிநிலைக்கு வெகு கீழான சூட்டில், மழைநீரால் உண்டானது என்று காட்டியது.

ஆக, இந்தச் சோதனை களிமண்ணின் பிறப்பைச் சொல்லும். தண்ணீரை அடைக்குமா என்பதைச் சொல்லாது. அடைப்பது உப்பும் திறன். சோடியம் வகை நன்றாக உப்பும். கால்சியம் வகை அவ்வளவாக உப்பாது. இரண்டுமே எரிமலைச் சாம்பலில் பிறந்ததாக இருக்கலாம். கோடையில் வெடித்து மழையில் உப்பும் நம் கரிசல் மண்ணில் இருப்பதும் இதே குடும்பத்துக் களிமண்தான்.

மூட்டையை வாங்குமுன் மாதிரி கேளுங்கள். நகைக்கடைத் தராசில் 2 கிராம் தூள் நிறுத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆய்வகத்தில் உள்ள அளவுக் குழாயில் 100 மில்லி நல்ல தண்ணீர் ஊற்றி, தூளைச் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, ஒரு நாள் அப்படியே விடுங்கள். அடியில் தங்கும் களி 24 மில்லி கோட்டைத் தொட்டால் நல்ல சரக்கு. 10 மில்லியைத் தாண்டவில்லை என்றால் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்கள் கிணற்றுத் தண்ணீரிலும் ஒருமுறை செய்து பாருங்கள். உப்புத் தண்ணீரில் நல்ல சரக்கும் சரியாக உப்பாது.