யார் வந்தேறி? – ஏலமலைச் சரிவிலிருந்து

'வந்தேறிகள் நம் பிழைப்பைப் பறிக்கிறார்கள்' என்ற பேச்சு இப்போது இலக்கிய நண்பர்களின் வாயிலும் புழங்கத் தொடங்கிவிட்டது. திருப்பூரின் பின்னலாடை ஆலைகளிலும் சென்னையின் கட்டட வேலைகளிலும் உழைக்கும் பீகார், ஒடிசா இளைஞர்களைக் குறித்தே இது சொல்லப்படுகிறது. மறுத்துப் பேசுவோரோ 'பாவம், அவர்களும் மனிதர்கள்தாமே' என்ற இரக்கத்தைத் தாண்டுவதில்லை. இரண்டும் நமக்கு உடன்பாடில்லை. இரு சாராரும் ஒருமுறை போடிநாயக்கனூருக்கு வந்து, விடியுமுன் மலையேறும் ஜீப்புகளைக் காண்பது நல்லது.

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு அன்றாடம் சென்று திரும்பும் தேனி மாவட்டத்தாருள் பெண்களே மிகுதி. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதன்று. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்ப்பது. ஒரு சரத்துக் காய்கள் ஒருசேர முற்றுவதுமில்லை. எனவே ஒரு பருவத்திற்குள் அதே செடியிடம் பலமுறை திரும்பி வந்து, குந்தியமர்ந்து, பிஞ்சை விட்டு முற்றியதை மட்டும் கையால் எடுத்தாக வேண்டும். கண்ணும் விரலும் பழகிய தொழில் இது. இந்தியச் சிற்றேலத்தின் மிகப் பெரும்பகுதி இடுக்கியில்தான் விளைகிறது. புற்றடியிலும் போடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு விற்பனை நடக்கிறது. (ஏலத்திற்கே ஏலம்; தமிழின் குறும்பு.) 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாய் வரை விலை போன காய், அப்பெண்களின் விரல்களைக் கடந்து வந்த காய்தான்.

ஆயினும் எந்தக் கணக்கிலும் அவள் புலம்பெயர்ந்தவள் அல்லள். மாலையில் வீடு திரும்பிவிடுவதால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவள் தமிழ்நாட்டுக் குடி; கேரளத்தின் விளைச்சலில் அவள் பெயர் இல்லை. அவள் வராதபோதுதான் அவள் இருப்பு தெரியவருகிறது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பூசல் முற்றியபோது, அச்சுறுத்தலுக்கு அஞ்சித் தமிழ்த் தொழிலாளர் பலர் மலையிறங்கினர். 2020 பொதுமுடக்கத்தில் எல்லை அடைபட்டது. இருமுறையும் ஆளின்றித் தவித்தவை தோட்டங்களே. பெரியாற்று நீர் கீழே வருகிறது, உழைப்பு மேலே போகிறது. நீரைப் பற்றி நாம் எழுதியதில் நூற்றில் ஒரு பங்குகூட உழைப்பைப் பற்றி எழுதவில்லை.

அம்மலையில் யார்தான் வந்தேறி அல்லர்? 1950களில் பட்டம் தாணுப்பிள்ளை அரசு சமவெளி மலையாளிகளை உயர்மலையில் குடியமர்த்தியது. 1956இல் வரையப்பட்ட மாநில எல்லை, மலைத் தோட்டங்களில் முன்பே உழைத்துவந்த தமிழரை அயலாராக்கியது. நம் பக்கம் மட்டும் என்ன? போடிநாயக்கனூர் என்ற ஊர்ப்பெயரே ஒரு குடிப்பெயர்வின் தடயம்; வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுவோர் இப்பள்ளத்தாக்கில் இன்றும் உண்டு. மேலே தங்கிவிட்ட தலித் குடும்பங்களின் நிலை இன்னும் கொடிது. பட்டியல் சாதியார் குறித்த ஆணை வெளியான 1950 ஆகஸ்ட் 10க்குப் பின் வேறு மாநிலத்திலிருந்து குடியேறியவர்க்குப் புதிய மாநிலத்தில் அந்த உரிமை கிடையாது. மூன்று தலைமுறை உழைத்த பின்னும், பாட்டன் எந்த ஆண்டில் மலையேறினான் என்பதற்குத் தாள் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இன்று அதே தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்தும் மத்தியப் பிரதேசத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள். 'இவர்களால்தான் நம் கூலி ஏறவில்லை' என்ற முணுமுணுப்பு போடிச் சந்தையிலும் கேட்கிறது. இலங்கையில் 1948இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டதை எண்ணி இன்றும் கொதிக்கும் நாம், இந்த முணுமுணுப்பை மட்டும் நியாயமென்று தலையாட்டுகிறோம். கூலியை நிர்ணயிப்பவர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர் அல்லர். கொடுத்ததை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருப்பவர். அவருக்கும் நம் பெண்களுக்கும் ஒரே கூலி என்று ஆகிவிட்டால் அவரைக் காட்டி யாரையும் மிரட்ட இயலாது. இதைக் கேட்க வேண்டிய இடம் தோட்ட முதலாளியும் ஆள்பிடிக்கும் ஏஜெண்டும்தான். அவர்களுள் நம்மூர்க்காரர்களும் இருப்பதனால்தான் சினம் ஜார்க்கண்டுக்காரர் மேல் திரும்புகிறதோ என்ற ஐயமும் நமக்கு உண்டு.